எருக்கலையை மறைக்கக் கட்டிய கொடி

அன்று காலை அம்மா தோய்க்காத பெற்சீற்றுகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை. மாரி ஓய்ந்து வெயில் பிடிக்கத் தொடங்கியிருந்த நாட்கள். ஈரத் துணி கனத்து ஆடும். காய்ந்த துணி படபடக்கும். விடிந்த கையோடு அந்தப் படபடப்புக் கேட்டதால்தான், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் கொடி வழக்கமாக வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியில் இருக்கும். அன்று அது முன்வளவுக்கு வந்திருந்தது. வாசல் படலைக் கம்பத்தில் ஒரு முடிச்சு, முருங்கையில் ஒரு முடிச்சு. வீட்டுக் கட்டில்களில் விரிக்கும் எல்லாப் பெற்சீற்றுகளும் இரண்டு மேசைவிரிப்புகளும் அதில் தொங்கின. கடைசியில், முருங்கைப் பக்கமாக, என்னுடைய பட்டமளிப்புச் சேலை.

“என்னம்மா செய்யிறியள்?”

“பாக்கத் தெரியேல்லையே? உடுப்புக் காயப்போடுறன்.”

“உது ஒண்டும் தோய்க்காதது.”

“தோய்க்காட்டில் காயக்கூடாதோ?”

“என்ரை சேலையை எடுங்கோ.”

“அதுதான் நீளம். அதை எடுத்தால் கடைசிப் பத்தை தெரியும்.”

துணிகளுக்குப் பின்னால் என்னுடைய எருக்கலைகள் நின்றன. படலையில் தொடங்கி முருங்கை வரை ஒரு வரிசை. நானே நட்டு, நானே தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. சாம்பல் பூத்தது போன்ற தடித்த இலைகளும் ஊதா நிறப் பூக்களுமாக அவை என் தோளுக்கு வளர்ந்திருந்தன. அன்று பகல் சின்னம்மா வருவதாக இருந்தது. அவருடைய கண்ணில் அவை படக்கூடாது என்பதுதான் அம்மாவின் ஏற்பாடு.

குசினிக்குள் முளைத்தது

எருக்கலை மீது அம்மாவுக்கு இருந்த கோபத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் ஊர் காங்கேசன்துறைக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே எல்லோரும் அங்கிருந்து இடம்பெயர்ந்துவிட்டார்கள். பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. நான் படித்து, பட்டம் பெற்று, ஆசிரியை ஆன பிறகுதான் எங்கள் காணி விடுபட்டது. அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. நானும் அம்மாவும் மட்டும் போனோம்.

வீட்டுக்குக் கூரை இல்லை. குசினியின் மூன்று சுவர்கள் மட்டும் நின்றன. அடுப்பு இருந்த மூலையில் ஓர் எருக்கலை அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்து பூத்திருந்தது. அதில் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அம்மா அழுவார் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் அழவில்லை.

“என்ரை அடுப்பிலை நிண்டு பூக்குது பார், மூதேசி,” என்றார். பிறகு மண்வெட்டி கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைத் திட்டுவதென்றால், உன் முற்றத்தில் எருக்கலை முளைக்க என்று திட்டுவார்கள். அதற்கு மேல் திட்ட ஒன்றுமில்லை. அதே எருக்கலையின் பூவைப் பிள்ளையாருக்கு மாலையாகக் கட்டுவார்கள். ரதசப்தமி அன்று அதன் இலையைத் தலையில் வைத்து முழுகுவார்கள். முழங்கால் வீங்கினால் இலையை வாட்டி ஒத்தடம் கொடுப்பார்கள். எல்லாம் தெருவோரத்திலோ சுடலைக்குப் போகும் வழியிலோ நிற்கும் எருக்கலையில் பறிப்பவைதான். வீட்டு வளவுக்குள் மட்டும் அது நிற்கக் கூடாது.

அந்த முதல் வருடம் எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழுவதும் எருக்கலைக் காடு. வண்ணத்துப்பூச்சிகளும் அப்படியே. செம்மஞ்சள் இறகு, கறுத்த கரை, நுனியில் வெள்ளைப் புள்ளிகள். வீடு கட்ட வந்த மேசன்மார் அவற்றைக் கையால் விலக்கிவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தார்கள்.

பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஊர் திரும்பியது. குடும்பம் வந்து இறங்கிய மறுநாள் மண் வாரும் பெக்கோ வரும். காணியைச் சுரண்டிச் சிவப்பு மண்ணை வெளியே காட்டிவிட்டுப் போகும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆட்கள் வரத்தானே வேண்டும். ஆனால் மூன்றாம் வருடம் வாசலில் இருந்து தேத்தண்ணி குடித்தபோது, ஒரு பூச்சியையும் கை தட்டி விலக்க வேண்டியிருக்கவில்லை.

பெருமைக்குத்தான் சொல்கிறேன்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், முப்பது வயதில் என்ன நினைவுக் குறிப்பு என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் குடும்பத்தில் எழுதப் படித்த முதல் ஆள் நான். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா கல் உடைத்தவர். தன் பெயரை எழுத என்னிடம்தான் பழகினார். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதி வைக்காததால், நான் கொஞ்சம் முந்தியே தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் விலங்கியல் படித்தேன். இப்படிப்பட்ட இடத்தில் ‘பெருமைக்காகச் சொல்லவில்லை’ என்று எழுதுவது வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தச் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி கண்ட செடியில் முட்டை இடாது. பால் வடியும் எருக்கலையும் அதன் இனத்துச் செடிகளும் வேண்டும். தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் போகும். பிள்ளை பெற மட்டும் அங்கேதான் வரும். செவ்வரத்தையும் ரோசாவும் நிறைய நட்டுவிட்டு வண்ணத்துப்பூச்சி வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அவர்கள் விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள், குடியிருக்க இடம் கொடுப்பதில்லை.

ஒரு மாரியில், பக்கத்து வெறுங்காணியில் விரலளவு முளைத்திருந்த கன்றுகளை மண்ணோடு கிளப்பி வந்து முன்வளவில் நட்டேன். வளர்ந்த எருக்கலையைக் கிளப்பினால் பிழைக்காது; ஆணிவேர் ஆழம். பின்வளவில் கிணறும் கோழிக்கூடும் மாமரமும் இடத்தைப் பிடித்திருந்தன. வெயில் நன்றாக விழுந்த இடம் முன்வளவு ஒன்றுதான்.

அம்மா கேட்டார், “ஊரெல்லாம் வெட்டி எறியிறதை நீ என்னத்துக்குக் கொண்டந்து நடுறாய்?”

“ஊரெல்லாம் வெட்டி எறியிறதாலைதான்.”

“படிப்பிச்சது என்ரை பிழை,” என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருக்கவில்லை.

செடி இடுப்புயரம் வந்ததும் முட்டைகள் வந்தன. ஓர் இலைக்கு ஒன்று, குண்டூசித் தலையிலும் சிறிது. அவை பொரித்துப் புழுக்கள் வந்தன. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வரி வரியாக, முதுகில் சோடி சோடியாகக் கறுத்தக் கொம்புகளோடு. எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. நான் கொப்பு தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன். அந்தப் புழு முதலில் இலையின் நரம்பைக் கடித்து வெட்டும். பால் முழுவதும் அந்த வெட்டால் வடிந்து போகும்வரை காத்திருக்கும். பிறகு வெட்டுக்கு அப்பால் இருக்கும் இலையை ஆற அமரத் தின்னும். பாலில் மிஞ்சிய நஞ்சு அதன் உடம்பில் தங்கிவிடுவதால் காகம்கூட அதைக் கொத்தாது.

அம்மா ஒரு நாள் எனக்குத் தெரியாமல் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும் எழும்பி, “கோழிக்குப் பூச்சி பொறுக்குறன்,” என்றார்.

சீதனக் காணி

எங்கள் காணிக்குக் கிழக்குப் பக்கத்துக் காணி சின்னம்மாவினுடையது. அம்மாவின் ஒரே தங்கை. யாழ்ப்பாணத்தில் காணி பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். தாய்க்காணி இரண்டாகப் பிரிந்து அக்காவுக்கும் தங்கைக்கும் வந்தது. சின்னம்மாவுக்குக் கல்யாணம் நடந்தபோது அந்தக் காணிக்குள் யாரும் கால்வைக்க முடியாது. ஆனாலும் உறுதிப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். சித்தப்பாவும் காணாத காணியை நம்பித் தாலி கட்டினார்.

சித்தப்பா நீர்வேலிக்காரர். குத்தகைக் காணியில் வாழைத் தோட்டம். இடம்பெயர்ந்திருந்த காலம் முழுவதும் நாங்களும் அங்கேதான், அவர்களோடு ஒரே வளவில் இருந்தோம். அக்காவும் தங்கையும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே கிணற்றில் குளித்தார்கள், தினமும் கொழுவிச் சண்டை பிடித்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்பியதால்தான் இருவரும் பிரிந்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் போனால் பிற்பகல் வரை அம்மா தனியாகத்தான் இருப்பார். கோழிகளோடு கதைப்பார். நான் திரும்பி வரும்போது படலை வரை கேட்கும். சின்னம்மா பக்கத்துக் காணியில் வீடு கட்டி வந்துவிடுவார் என்ற ஒன்றை நம்பித்தான் அவர் அங்கே இருந்தார். ஆனால் கனடாவில் இருக்கும் சின்னம்மாவின் மகன் காணியை விற்கச் சொன்னான். கடலுக்குக் கிட்ட என்பதால் விடுதி கட்டவென்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

சின்னம்மா, “ஒருக்கா வந்து பாத்திட்டு முடிவெடுப்பம் அக்கா,” என்றார். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“அவள் வரேக்கை உது நிக்கக் கூடாது.”

“ஒரு பத்து நாள் பொறுங்கோ. புழுவெல்லாம் கூட்டுப்புழுவாத் தொங்குது. பூச்சி வெளியிலை வரட்டும், பேந்து கதைப்பம்.”

“பத்து நாளைக்குப் பிறகு அவளின்ரை காணி ஆற்றையோ.”

“எருக்கலையைப் பாத்தோ ஆக்கள் காணி விக்கிறது?”

“ஆள் இருக்கிற வீட்டு வாசலிலையே எருக்கலை நிண்டால் இந்த ஊர் இன்னும் எழும்பேல்லை எண்டு நினைப்பாள். நானெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பன்.”

“நான் வெட்டமாட்டன். நீங்களும் வெட்டக்கூடாது.”

“நான் ஏன் வெட்டுறன்? நீ நட்டது.” அம்மா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால் ஏதோ யோசிக்கிறார் என்று நான் விளங்கியிருக்க வேண்டும். சனிக்கிழமை விடிந்தபோது கொடி முன்வளவுக்கு வந்திருந்தது.

வாழைக்காரர் வந்தார்

சித்தப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது. எங்கே போவதென்றாலும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம்தான். பின்னால் பூட்டிய பெட்டியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை, அதில் குடை பிடித்தபடி சின்னம்மா, காலடியில் எங்களுக்கென்று ஒரு கதலி வாழைக் குலை. நீர்வேலியில் இருந்து அப்படியே வந்து இறங்கினார்கள்.

“சீதனம் எழுதி முப்பது வருசத்துக்குப் பிறகு காணியைக் காணப்போற மாப்பிளை உலகத்திலை நான் ஒருத்தன்தான், மச்சாள்,” என்றார் சித்தப்பா இறங்கும்போதே.

“இஞ்சருங்கோ, வாயை மூடிக்கொண்டு இறங்குங்கோ,” என்றார் சின்னம்மா.

அவர் கொடியைப் பார்த்தார். ஒரு கணம் நின்று பார்த்தார். அம்மா அவசரமாக அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

தேத்தண்ணி குடித்த பிறகு பக்கத்துக் காணிக்குப் போனோம். அங்கே பெக்கோ வந்ததில்லை. எருக்கலையும் நாயுருவியும் ஆமணக்கும் தலைக்கு மேல் நின்றன. நான் ஒரு தடியால் தட்டி வழி எடுத்து முன்னால் போனேன். கிணறு தெரிந்த இடத்தில் அக்காவும் தங்கையும் நின்றுவிட்டார்கள். கட்டின் ஒரு பக்கம் இடிந்திருந்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் இருந்தது.

“நல்ல தண்ணி,” என்றார் அம்மா. “உப்பில்லை. உனக்குத் தெரியும்தானே.”

“தெரியும்.”

“முன்னுக்கு ரோட்டும் போட்டிட்டாங்கள். கறண்டும் கிட்ட.”

“காணி விக்கிற புறோக்கர் மாதிரிக் கதைக்காதையுங்கோ அக்கா.”

இருவரும் கிணற்றுக் கட்டின் இடியாத பக்கத்தில் இருந்தார்கள். சித்தப்பா கொஞ்ச நேரம் சுற்றி வந்தார். குந்தி இருந்து மண்ணைக் கிளறினார். பிறகு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார். நான் அவரோடு போகாமல் அங்கேயே நின்றேன்.

நாங்கள் மூவரும் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கொடி அப்படியே இருந்தது. பெற்சீற்றுகள் படபடத்தன. ஆனால் காற்றில் அவை விலகியபோது பின்னால் பச்சையைக் காணவில்லை.

நான் சேலையை விலக்கினேன். எருக்கலை வரிசை முழங்காலளவில் வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டையின் தலையிலும் பால் வெள்ளையாகத் திரண்டு நின்றது. லாண்ட்மாஸ்டர் பெட்டி நிறைய இலையும் கொப்பும். சித்தப்பா கத்தியை வைக்கோலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“காத்து ஒருக்காத் துணியைத் தூக்கிச்சு பிள்ளை. பாத்தால் இவ்வளவு குழை சும்மா நிக்குது! தோட்டத்துக்குக் குழை இல்லாமல் நான் நாய்பேயா அலையிறன். எருக்கலை தாட்டால் கறையானும் வராது. உங்களுக்கும் வளவு துப்புரவாப் போச்சு.”

குழை என்றால் பசளைக்காக வெட்டும் பச்சை இலைக் கொப்புகள். வாழையடியில் கிடங்கு வெட்டி அதைத் தாழ்ப்பார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களின் கண் பூவரசையும் வாதநாராயணியையும் கண்டால் நிழல் என்று பார்க்காது, குழை என்றுதான் பார்க்கும். எருக்கலையும் அவர்களுக்கு அப்படித்தான். சித்தப்பா நல்லதுதான் செய்தார். எங்களுக்கு ஓர் உபகாரம், தனக்கு ஒரு பெட்டிக் குழை.

அம்மாவின் முகத்தில் சந்தோசம் வந்து, என்னைக் கண்டதும் அது வாய்க்குள் போயிற்று.

“தம்பி, அந்தக் கட்டையளையும் வேரோடை கிண்டிவிட்டால் என்ன?” என்று மட்டும் கேட்டார்.

“என்ன மச்சாள் கதைக்கிறியள்? குழை நிக்கிற பத்தையை ஆரேன் வேரோடை கிண்டுவினமே? ரண்டு மாதத்திலை திரும்பி வந்திடும்.”

பெட்டிக்குள்

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் ஏறினேன். ஒவ்வொரு கொப்பாக எடுத்து, இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். புழுக்கள் சில இன்னும் இலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. கூட்டுப்புழுக்கள் காம்போடு தொங்கின, சில நசிந்திருந்தன. நல்லவற்றைக் காம்போடு முறித்து, அரிசி புடைக்கும் சுளகில் வைத்தேன். கை முழுவதும் பால்.

“என்ன தேடுறாய்? மோதிரம் ஏதும் விழுந்ததே?” என்று சித்தப்பா கேட்டார்.

“பூச்சி தேடுறாள்,” என்றார் அம்மா. அதை வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

“ஆர்ரை பூச்சி?”

“என்ரை,” என்றேன்.

சின்னம்மா கிட்ட வந்து சுளகை எட்டிப் பார்த்தார். ஒரு கூட்டுப்புழுவை உள்ளங்கையில் எடுத்தார். வெளிர்ப்பச்சை, மெழுகில் செய்தது போல. சுற்றிவரப் பொன் பொட்டுகள்.

“இதென்னடி, தோட்டுக்கல்லுப் பதிச்ச மாதிரி? இதுக்காகத்தானே கொம்மாவோடை கொழுவினனீ?”

அம்மா திடுக்கிட்டார். “உனக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. மடிப்புக் கலையாத பெற்சீற்றை ஆர் அக்கா கொடியிலை போடுறது? வரேக்கையே கண்டிட்டன். பின்னாலை எருக்கலை வாசமும் அடிச்சது. எங்களுக்குத் தெரியாத வாசமே?”

அம்மா கொடியில் இருந்து ஒரு பெற்சீற்றை இழுத்து மடிக்கத் தொடங்கினார்.

“எருக்கலைக்குப் பயந்து நான் வராமல் இருக்கேல்லை அக்கா,” என்றார் சின்னம்மா. குரல் இறங்கியிருந்தது. “வாழையை விட்டிட்டு வந்தால் இந்த மனுசன் என்ன செய்வார்? நாள் முழுக்கக் குந்திக்கொண்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டே இருக்கிறது? முப்பது வருசமா அந்த மண்ணைத்தான் கிண்டினவர். என்ரை சீதனம் எண்டதுக்காக ஆளைப் புடுங்கிக்கொண்டு வர ஏலுமே?”

அம்மா அந்த ஒரு பெற்சீற்றையே மறுபடி மடித்தார்.

சித்தப்பா இதைக் கேட்டாரோ தெரியாது. வெட்டிய கட்டையொன்றின் பக்கத்தில் குந்தி, விரலை மண்ணுக்குள் விட்டுக் கிண்டினார். இவ்வளவு தடித்த கட்டை வர மண் எப்படி இருக்க வேண்டும் என்று தனக்குள் ஏதோ சொன்னார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கினார், மணந்தார், உடுத்திருந்த சாரத்தின் தலைப்பில் முடிந்துகொண்டார்.

நான் பெட்டியில் இருந்து இறங்கினேன்.

“இனி வெட்டுறதெண்டால் என்னட்டைக் கேட்டு வெட்டுங்கோ சித்தப்பா. எந்தப் பத்தையிலை முட்டை இருக்கு, எதிலை கூடு இருக்கு எண்டு நான் சொல்லுவன். அதை விட்டிட்டு மற்றதை வெட்டலாம்.”

“அப்ப எனக்குக் குழை வெட்டப் பெமிற் தாறாய்?”

“ஓம்.”

“படிச்ச பிள்ளையளோடை காணிக்குள்ளை கால்வைக்க ஏலாது,” என்று சிரித்தார். ஆனால் தலையாட்டினார். சின்னம்மா கதிரையில் ஏறிக் குடையை விரித்தார். விற்பதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. லாண்ட்மாஸ்டர் திரும்பி ஒழுங்கையால் போனது. அம்மா வழியைப் பார்த்தபடி படலையில் நின்றார். சத்தம் ஓய்ந்த பிறகும் நின்றார்.

தேங்காய்ப்பூ

பிழைத்த கூட்டுப்புழுக்களைக் காம்போடு நூலில் கட்டி யன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். அவை ஒவ்வொன்றாகக் கறுத்து, தோலுக்குள் செம்மஞ்சள் தெரிந்து, பிறகு ஒரு காலையில் உடைந்தன. பூச்சிகள் இறகு காயும்வரை யன்னலில் இருந்துவிட்டுப் போயின. சின்னம்மா பதில் சொல்ல வேண்டிய மாதம் முடியப் போகிறது என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசினால் பதில் பிழையாக வந்துவிடும் என்பது போல இருந்தோம்.

வெட்டிய கட்டைகள் எல்லாம் துளிர்த்தன. இளந்துளிரில்தான் அந்தப் பூச்சிக்கு விருப்பம் அதிகம். முன்பு ஒரு செடியில் பார்த்த அளவு முட்டையை இப்போது ஒரே கிளையில் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். “அப்ப அந்த மனுசன் உனக்கு நல்லதுதான் செய்திருக்குது,” என்றார். அந்த வார்த்தையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நசிந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. அம்மா சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். சித்தப்பா. சுகம் விசாரித்தார். மழை விசாரித்தார். பிறகு கேட்டார்:

“பிள்ளை, அந்தக் குழை அடுத்தது எப்ப வெட்டலாம்?”

“இப்ப ஏலாது. இலைக்கு இலை முட்டை. சித்திரை கழியட்டும்.”

“சித்திரை கழிஞ்சால் எனக்கும் சரி. முதல் வாழைக்குட்டி வைக்கிறதுக்கும் அப்பதான் குழை வேணும்.”

“அதுக்குள்ளை நீங்கள் லாண்ட்மாஸ்டரிலை வந்து அலையாதையுங்கோ. நான் போன் எடுத்துச் சொல்லுறன்.”

“லாண்ட்மாஸ்டர் ஏன்? நீ வெட்டிப்போட்டு வேலிக்கு மேலாலை எறிஞ்சால் போதும்தானே.”

எங்கள் இரண்டு காணிகளுக்கும் நடுவில் வேலி இல்லை. ஆளில்லாத காணிக்கு யார் வேலி அடைப்பது?

துருவும் சத்தம் நின்றிருந்தது. அம்மா திருவலைப் பலகையில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

“என்னவாம்?”

“வெட்டுற குழையை வேலிக்கு மேலாலை எறியட்டாம்.”

“எந்த வேலி?”

நான் அதைத் தொலைபேசியில் கேட்டேன். அந்தப் பக்கம் ஏதோ இழுபறி கேட்டது; பிறகு சின்னம்மாவின் குரல் வந்தது.

“அடைக்கப் போற வேலி எண்டு கொம்மாவுக்குச் சொல்லு. மகனுக்கும் சொல்லியாச்சு, விக்கேல்லையெண்டு. மண்ணைக் கொண்டந்து ஒரு கிழமையா மணந்து மணந்து பாத்தவர் உவர். கடைசியிலை சீதனக் காணியிலை வந்திருந்து வாழை வைக்கப் போறாராம், மாப்பிளை.”

நான் சொன்னேன். அம்மா கையில் இருந்த பாதித் தேங்காயை மறுபடி துருவத் தொடங்கினார். முகத்தை என் பக்கம் திருப்பாமல், நிறுத்தாமல் துருவினார்.

அன்று இடியப்பத்தோடு வந்த சம்பலில் சிரட்டைத் தூள் கடிபட்டது. இருவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டோம்.